குளிர்ந்த மடி

எங்கள் பக்கத்தில் ‘குளிர்ந்துடுச்சு’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. காய்ச்சல் விட்டால் உடம்பு குளிர்ந்தது. சண்டை போட்டவர்கள் ராசியானால் மனசு குளிர்ந்தது. ஆடியில் கூழ் ஊற்றினால் அம்மன் குளிர்ந்தாள். உத்திரமேரூர் வெயிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சூடு என்றால் நோய், குளிர்ச்சி என்றால் குணம். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாக உள்ளே இறங்கிவிடுகிறது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் என் ஆட்டைச் சாகக் கொடுக்க இருந்தோம்.

என் ஆடு என்று அழுத்தியே சொல்கிறேன். வயல் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. வீடு மாமனார் பெயரில். கறவை மாடு என் நாத்தனாரோடு பங்கு. அவர் என் வீட்டுக்காரரின் அக்கா, அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி வாக்கப்பட்டவர். ஆடு மட்டும்தான் நான் என் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து, நானே பார்த்து வாங்கியது. ஐயங்கார்குளத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில் கண்ணில் பட்டது. தலைச்சேரி ஆடு, பாலுக்குப் பேர்போனது. பந்தியில் உட்காராமல் அந்தக் குட்டியின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். சொல்லிக்கொள்ளட்டும்.

செவலை நிறம், அதனால் செவலை என்றே கூப்பிட்டோம். அதற்கு இருந்த திமிர் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. என்னைத் தவிர வேறு யார் கை மடியில் பட்டாலும் உதைதான். அகத்திக்கீரை போட்டால் இலையைத் தின்றுவிட்டுக் காம்பை என் காலடியில் கொண்டுவந்து துப்பும். அடுப்படி வாசல் வரை வந்து நின்று, நான் கவனிக்கவில்லை என்றால் முந்தானையைப் பிடித்து மெல்ல ஆரம்பிக்கும். என் நல்ல புடவைகள் பாதிக்கு அது வைத்த ஓட்டை உண்டு. ஒரு நாளும் அடிக்க மனசு வந்ததில்லை.

இரண்டாவது ஈற்றுக்கு அது இரட்டைக் குட்டி போட்டது. போட்ட சில நாளில் மடியில் இடப்பக்கம் வீங்கியது. தொட்டால் கொதித்தது. குட்டிகள் முட்டி முட்டிப் பார்க்கும், செவலை உதறிவிட்டு விலகும். அந்தப் பக்கத்துப் பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. பால் கட்டிக்கொண்டது, பீய்ச்சி விட்டால் சரியாகும் என்றார் வீட்டுக்காரர். பீய்ச்சினால் திரித் திரியாக வந்தது.

நாத்தனார் வந்து பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நிறையத் தெரியும். கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அம்மியில் வைத்து அரைத்தால் ரத்தச் சிவப்பாக ஒரு விழுது வரும். மடி வீக்கத்துக்கு எங்கள் ஊர்களில் எல்லோரும் போடுவது அதைத்தான். அவரே அரைத்து, அவரே தடவினார். செவலை உதைத்ததில் அவர் கை வளையல் உடைந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை. அந்தப் பூச்சு காயக் காய மேலே மேலே பூசிக்கொண்டே இருந்தார். இரண்டு நாளில் மடி முழுக்கச் செங்கல் நிறமாகிவிட்டது.

மூன்றாம் நாள் கூழ் ஊற்றும் நாள். நாத்தனார் குளித்து, நெற்றி நிறைய மஞ்சள் குங்குமத்தோடு வந்து மடியைத் தொட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

“குளிர்ந்துடுச்சு பாருடி. ஆத்தா எறங்கி வந்து குளிர வச்சிட்டா.”

நானும் தொட்டேன். குளிர்ந்துதான் இருந்தது. முந்தின நாள் வரை அடுப்புக் கல்லைப் போல் கொதித்த இடம் பானைத் தண்ணீராக இருந்தது. நானும்தான் நம்பினேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பாடா என்று இருந்தது. இரண்டு பேரும் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டோம். செவலை இப்போது உதைக்கவும் இல்லை. நல்ல பிள்ளையாக நிற்கிறது, வலி போய்விட்டது என்றார் நாத்தனார்.

அந்த உதைக்காததுதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. உடம்பு நன்றாக இருந்தால் என் செவலை இப்படி நிற்காது. கூழ் வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. அகத்தியை வாயருகே கொண்டுபோனேன், தலையைத் திருப்பிக்கொண்டது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றது. முந்தானையை முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டினேன். அது கண்டுகொள்ளவே இல்லை.

ஒரு குடம் வெந்நீர் கொண்டுவந்து பூச்சைக் கழுவினேன். சிவப்பு கரைந்து ஓடியது. உள்ளே இருந்த தோல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. கறுப்பும் நீலமுமாக வயிறு வரை ஓடியிருந்தது. காம்பைப் பிடித்தால் கறி கழுவின தண்ணீர்தான் வந்தது, பால் இல்லை. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் அதற்கு உணர்ச்சியே இல்லை.

நாத்தனாரைக் கூப்பிட்டேன். கூழ்க் கரண்டியோடு ஓடிவந்தார். மடியைப் பார்ப்பதற்கு முன்னால் தரையில் ஓடிய சிவப்புத் தண்ணீரைப் பார்த்தார்.

“கழுவிட்டியா? ஆத்தா குளிர வச்சத நீ போயி கழுவிட்டியா?”

“அண்ணி, இதக் கொஞ்சம் தொட்டுப் பாரு. பொணமும்தான் குளிர்ந்து கெடக்குது. அதுக்காவ குணமாயிடுச்சின்னு சொல்லுவோமா?”

கோயில் நாளில் பொணம் என்று சொன்னதற்காக அவர் காதைப் பொத்திக்கொண்டார். மடியைத் தொடவில்லை. என்னோடு பேச்சும் அத்தோடு நின்றது.

வீட்டுக்காரர் வந்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக ஆட்டு யாவாரிக்குப் போன் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. கையில் இருப்பது வீணாகக் கூடாது என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான். நெல்லானாலும் ஆடானாலும் அவருக்குக் கணக்கு ஒன்றுதான்.

யாவாரி வண்டியில் வந்து இறங்கினான். செவலையின் முதுகைப் பிடித்துப் பார்த்தான், மடியைக் குனிந்து பார்த்தான்.

“இன்னிக்கே குடுத்தா இஸ்துகினு போறேன். நாளைக்குன்னா நீங்கதான் குழி தோண்டணும்.”

“நோவு புடிச்ச ஆட்டத் துன்றதுக்கு எவன் வருவான்?” என்றேன்.

“மடிதானக்கா கெட்டுப்போயிகீது. அத வெட்டிக் கடாசிட்டா மீதி ஒடம்பு நல்லாத்தான் கீது.”

அவன் சும்மா வாய் போக்கில் சொன்னான். எனக்குச் சுரீர் என்றது. மடியை வெட்டிப் போட்டால் மீதி உடம்பு நல்ல உடம்பு. இதைச் செத்த பிறகு செய்வானாம். செத்த பிறகு செய்கிறதை உயிரோடு இருக்கும்போதே செய்தால் என்ன?

“நீ கெளம்புப்பா,” என்றேன். “வெட்டறவங்க வேற எடத்துல கீறாங்க.”

வீட்டுக்காரர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பைத்தியம் பிடித்துவிட்டதா என்றார். பிடித்துவிட்டது, குட்டி யானையைக் கூப்பிடு என்றேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் அந்தச் சின்ன லாரி வைத்திருந்தார். முணுமுணுத்துக்கொண்டே போய் அழைத்துவந்தவரும் என் வீட்டுக்காரர்தான். வைக்கோலைப் பரப்பி, செவலையைத் தூக்கிப் படுக்க வைத்தோம். ஏரிக்கரை ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது முனகியது.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா சின்ன வயசு. வெளியூர்ப் பெண், இங்கே வந்து அதிக நாள் ஆகவில்லை. மடியைத் தொட்டதும் முகம் மாறியது.

“சில்லுன்னு ஆயிடுச்சே. எப்போ இருந்து?”

“காத்தாலருந்து. கொணமாயிடுச்சின்னு நெனச்சோம்.”

அவர் என்னைத் திட்டவில்லை. கற்றாழைப் பூச்சு தப்பில்லை, ஆரம்பத்தில் அது நல்லதுதான் என்றார். சூடு இருக்கும்வரை அங்கே ரத்தம் ஓடுகிறது, சூடு போனால் ரத்தம் நின்று சதை செத்துவிட்டது என்று அர்த்தம். செத்த சதையின் விஷம் உடம்பு முழுக்க ஏறிக்கொண்டிருக்கிறது. இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, ஊசி போடுகிறேன், பிழைத்தால் அதன் அதிர்ஷ்டம் என்றார்.

“செத்த மடிய அறுத்து எடுத்துட முடியாதா?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்தார். “முடியும். ஆனா இங்க அதுக்கு வசதி இல்லக்கா. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகணும்.”

“அவ்ளோ தூரம் தாங்குமா?”

தாங்காது என்று அவரே தலையாட்டினார்.

“நீங்க பண்ணியிருக்கீங்களா?”

“படிக்கும்போது கூட நின்னு பார்த்திருக்கேன். ஒரு மாட்டுக்கு ஒத்தக் காம்பு எடுத்திருக்கேன். ஆட்டுக்கு இத யாரும் கேட்டதே இல்ல. கறிக்குக் கொடுத்துடுவாங்க.”

“இப்ப நான் கேக்கறேன்.”

“ஆபரேஷன்ல செத்துப்போனா என்னக் கேக்கக் கூடாது.”

“செத்தா அழுவேன். உங்களக் கேக்க மாட்டேன்.”

அவர் என்னையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டினார். இப்போதே அறுத்தால் உடம்பு தாங்காது, இன்றைக்கு மருந்து ஏற்றித் தேற்றுவோம், நாளைக் காலையில் செய்யலாம் என்றார். வீட்டுக்காரர் அதுவரை வாசலில் நின்றிருந்தவர் உள்ளே வந்தார்.

“ஒத்தப் பக்கம்தான மேடம் கெட்டுப்போயிகீது? அத எடுத்துட்டா இன்னொரு பக்கம் பால் குடுக்கும்ல?”

கொடுக்க வாய்ப்பிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அந்தக் கணக்கு வீட்டுக்காரருக்குப் பிடித்தது. பாதி நஷ்டம், பாதி லாபம். சரி செய்யுங்கள் என்று பெரிய மனுஷராக அனுமதி கொடுத்தார். என் ஆட்டுக்கு அவர் அனுமதி. எனக்கு வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை செவலை தலையைத் தூக்கிப் பார்த்தது. டாக்டரம்மா முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார். மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களைக் கட்டினோம். மயிரை மழித்து, மருந்து தடவிக் கழுவினார்கள். வயலில் பாம்பை மண்வெட்டியால் அடிக்கிற என் வீட்டுக்காரர், கத்தி தோலில் பட்டதும் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். ஆஸ்பத்திரி உதவியாளர் கால்களைப் பிடித்துக்கொண்டார். அதன் தலை என் மடியில், அதன் மடி டாக்டரம்மா கையில். செவலை என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதன் காதைத் தடவிக்கொண்டே என்னென்னவோ பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது.

மடிக்கு ரத்தம் கொண்டுபோகிற நரம்பு என் சுண்டுவிரல் தண்டி இருந்தது. அதை இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு நடுவில் வெட்டினார். கறுத்த பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து எடுத்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“அக்கா, வலது பக்கமும் உள்ளே கறுத்திருக்கு. வெளியே தெரியல. இத விட்டா மறுபடியும் பரவும்.”

“அப்ப?”

“முழுசா எடுக்கணும். எடுத்தா இனிமே ஒரு சொட்டுப் பால் வராது. எப்பவுமே வராது. வீட்டுக்காரர ஒரு வார்த்தை கேட்டுடுங்க.”

டீக்கடை எதிரில்தான். கூப்பிட்டால் வந்துவிடுவார். வந்தால் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். பால் இல்லாத பெட்டை ஆடு எதற்கு, தைத்து மூடுங்கள், யாவாரியைக் கூப்பிடுகிறேன் என்பார். அவர் கணக்கில் அது சரிதான். என் பக்கத்தில் கணக்கே இல்லை. அந்த ஆட்டை எனக்குப் பிடிக்கும். அதன் திமிரைப் பிடிக்கும். காலையில் எழுந்து கொட்டகைக்குப் போனால் எனக்காகவே எழுந்து நிற்கிற ஒரே ஜீவன் அது. இதையெல்லாம் யாரிடம் போய் எந்த முகத்தோடு சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

“ஆடு என்னுது, டாக்டரம்மா. எடுத்துடுங்க.”

எடுத்தார். உதவியாளர் அதை வாளியில் போட்டபோது கேட்ட சத்தம் எனக்கு என்னவோ செய்தது. கனமான மடி. அத்தனை நாள் என் கை பீய்ச்சிய மடி. அழுதேன், கண்ணைத் துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் செவலையின் தலையில் இருந்தது. மிச்சமிருந்த நல்ல தோலை இழுத்துச் சேர்த்துத் தைத்தார்கள். நீர் கசிந்து வெளியேற ஒரு சின்னக் குழாயை விட்டார்கள். வயிறு தட்டையாக, குறுக்கே ஒரு தையலோடு இருந்தது.

டீ குடித்துவிட்டு வந்த வீட்டுக்காரர் அந்தத் தட்டை வயிற்றைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார்.

“காம்பே இல்லாத ஆட்ட வச்சிகினு இன்னா பண்ணப் போற? என்ன ஒரு வார்த்த கேட்டியா?”

“நீ டீ குட்சிகினு இருந்த. தொந்தரவு பண்ண வேணாம்னு வுட்டுட்டேன்.”

தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. மொட்டை ஆடு என்று பேர் வைத்தார்கள். நாத்தனார் என்னோடு நேராகப் பேசாமல், காற்றோடு பேசுவதாக வாசலில் நின்று சொன்னார்.

“பொட்ட ஆட்ட ஆம்பள ஆக்கி வச்சிகீறா. இனிமே மீசைதான் வக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் காற்றிடமே பதில் சொன்னேன். “மீச வச்ச ஆம்பளைங்கள இந்தத் தெருவுல நெறையப் பாத்துட்டேன். இது அதுங்கள வுட தேவல.” அதற்கும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பு எனக்குப் பேஜாராக இல்லை. அடுத்த வேளை ஊசிக்கு நேரமாகிறதே என்பதுதான் கவலை.

பழைய பாவாடையைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டினேன். ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் தடவினேன். குட்டிகளுக்கு மாட்டுப்பாலைப் பாட்டிலில் கொடுத்தேன். குடித்த பிறகும் அதுகள் ஓடிப்போய்த் தாயின் காலிடுக்கில் மூக்கை நுழைத்துத் தேடும். செவலை காலை அகட்டி நின்று கொடுக்கும். அங்கே ஒன்றும் இல்லை என்று அதற்குத் தெரியுமோ தெரியாதோ. அந்தக் காட்சியைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விடுவேன்.

தையல் பிரித்து வந்த வாரம் ஒரு நாள் அடுப்படியில் குனிந்து நின்றிருந்தேன். பின்னால் முந்தானை இழுபட்டது. திரும்பிப் பார்த்தால் செவலை, ஒரு கை நீளம் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தது. பொங்கலுக்கு எடுத்த புடவை. இழுக்கவில்லை, மெல்லட்டும் என்று விட்டேன். நாத்தனார் அப்போது எதற்கோ வந்தவர் வாசலிலேயே நின்றார். மெதுவாக வந்து செவலையின் காதைப் பிடித்துப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“சூடாத்தான் கீது,” என்றார். அவர் வாயில் அந்தச் சொல் நல்ல சொல்லாக வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். பேச்சு மறுபடி ஆரம்பித்தது, சண்டையும்தான்.

தை அறுப்பு முடிந்தது. செவலை நன்றாகத் தேறி, முதுகு மழமழவென்று இருந்தது. ஒரு நாள் காலை வீட்டுக்காரர் நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தார். இட்லி வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அதே யாவாரி, செவலையின் முதுகை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான்தான் வரச் சொன்னேன்,” என்றார் வீட்டுக்காரர். முகத்தில் பெருமை. “நீ கெட்டிக்காரிதான். அன்னிக்கே குடுத்திருந்தா எலும்புதான் போயிருக்கும். இப்ப பாரு, கறி ஏறிப்போயி கீது.”

மனசாரப் பாராட்டினார். இத்தனை நாள் நான் பட்ட பாடு எல்லாம் இதற்குத்தான் என்று அவர் நினைத்திருக்கிறார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கரண்டி கையிலேயே நின்றது.

“விக்கறதுக்கில்ல,” என்று வாசலைப் பார்த்துச் சொன்னேன்.

யாவாரி தலையைச் சொறிந்தான். “பால் இல்ல. குட்டி போட்டாலும் ஊட்ட முடியாது. எதுக்குக்கா இத கட்டி வச்சி மேய்க்கிற?”

“எனுக்குப் புடிச்சிருக்கு.”

சொல்லிவிட்டேன். அத்தனை மாதம் யாரிடமும் சொல்லாதது, ஆட்டு யாவாரியிடம் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். “புடிச்சிருக்கா? பால் குடுக்காததுக்கு எவனாவது ஒக்கார வச்சி சோறு போடுவானா?”

“பால் குடுக்காததுக்கு இந்த வூட்ல சோறு கெடையாதுன்னா, மொதல்ல நீ எழுந்திரு.”

தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். யாவாரி வாயைப் பொத்திக்கொண்டு வண்டியை எடுத்தான். நான் கரண்டியோடு அங்கேயே நின்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. தட்டைப் பார்த்தார். இட்லியைப் பிட்டுக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

“சட்னி இருக்குதா?” என்றார்.

போட்டேன்.